பிழை விடைக்கு என்ன பதில்?



கொஞ்சம் நீளமான பதிவு. இணையத்தளம் செய்வது பற்றித்தான் எழுதப் போகிறேன், ஆனால் ஐ.சி.டி. ரீச்சர்மாருக்கு மட்டும் இல்லை. கணிதம், விஞ்ஞானம், வரலாறு, தமிழ், சமயம் என்று எதைப் படிப்பிக்கிறவர்களும் வாசியுங்கள். தேத்தண்ணியோடு இருந்து ஆறுதலாக வாசித்தால் இன்னும் நல்லது.

போன விடுமுறையில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் செயலமர்வு ஒன்று நடந்தது. தலைப்பு, வகுப்பறைக் கற்பித்தலுக்கு இடைவினை இணையத்தளங்களை வடிவமைத்தல். யார் நடத்தியது, எங்கே என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. நல்ல மனதோடுதான் நடத்தினார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் செய்து முடித்த தளங்களை ஒவ்வொன்றாக மல்டிமீடியாவில் போட்டுக் காட்டினார்கள். மேலே பாடசாலை இலச்சினை. கீழே 'எமது இணையத்தளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கின்றோம்' என்று ஓடுகிற எழுத்து. அதிபரின் படம். 'எம்மைப் பற்றி' என்று ஒரு பொத்தான், 'தொடர்புகளுக்கு' என்று ஒரு பொத்தான், 'பாடக்குறிப்புகள்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஏற்கனவே வைத்திருந்த பவர்பொயின்ட் திறக்கும். எல்லாரும் கை தட்டினார்கள். சான்றிதழ் தந்தார்கள். மதியச் சாப்பாடும் குறை சொல்ல முடியாது.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இதில் இடைவினை எங்கே இருக்கிறது? பொத்தானை அழுத்தினால் ஏதோ திறக்கிறது என்பதற்காக அதை இடைவினை என்று சொல்லலாம் என்றால், எங்கள் வீட்டு அலுமாரியும் இடைவினைதான்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை பிழையான விடையைத் தரும்போது, அந்தப் பிழைக்கென்றே ஒரு பதிலை அந்தப் பக்கம் திருப்பிச் சொன்னால்தான் அது இடைவினை. நிறம், அசைவு, சத்தம், ஓடுகிற எழுத்து எல்லாம் பிறகு. ஆசிரியருக்கு இணையத்தளம் செய்யக் கற்றுக்கொடுப்பது என்றால் முதலில் இதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் சொல்லித்தராத செயலமர்வு பாடசாலைக்கு விளம்பரப் பலகை எழுதப் பழக்குகிறது, அவ்வளவுதான்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள், அதனால் கணிதத்திலிருந்தே உதாரணம் எடுக்கிறேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் தரம் 7இல் நிச்சயம் சில பிள்ளைகள் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. கவனயீனத்தால் வந்த பிழை இல்லை இது. பிள்ளையிடம் ஒரு விதி இருக்கிறது, அந்த விதிப்படி ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. விதிதான் பிழை.

சாதாரணமாக நாங்கள் செய்கிற இணைய வினாவிடை இந்த இடத்தில் என்ன சொல்லும்? சிவப்பு நிறத்தில் 'பிழை! மீண்டும் முயற்சி செய்க' என்று சொல்லும். சிலவற்றில் அழுகிற முகம் ஒன்றும் வரும். பிள்ளை மீண்டும் முயற்சி செய்யும், அதாவது மற்ற மூன்று விடைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும். பச்சை வந்ததும் அடுத்த கேள்விக்குப் போகும். அதன் தலைக்குள் இருந்த விதி இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதே இடத்தில் பக்கம் இப்படிக் கேட்டால்? 'உம்மிடம் ஏற்கனவே அரை ரொட்டி இருந்தது. அதோடு இன்னொரு துண்டும் சேர்த்தோம். இப்போது உமது விடை ஐந்தில் இரண்டு. அது அரையைவிடக் கூடவா, குறையவா?' பிள்ளை யோசிக்கும். ஐந்தில் இரண்டு என்றால் அரையைவிடக் குறைவு. ரொட்டியோடு ரொட்டி சேர்த்தும் எப்படிக் குறைந்தது? அந்த இடத்தில் பிள்ளைக்கே தன் விதியில் சந்தேகம் வரும். சரியான விடையை நாங்கள் சொல்லவே இல்லை.

இதைச் செய்ய எவ்வளவு கணினி அறிவு வேண்டும்? சாதாரண தர ஐ.சி.டி. பாடத்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கிற எச்.ரி.எம்.எல்., அதற்கு மேலே ஜாவாஸ்கிரிப்டில் 'இது வந்தால் இதைச் சொல், அது வந்தால் அதைச் சொல்' என்கிற ஒரே ஒரு அமைப்பு. அவ்வளவுதான். 0.35, 0.7 இரண்டில் பெரியது எது என்று கேட்டு, 35 என்பது 7ஐ விடப் பெரியது என்று நினைத்து 0.35ஐத் தெரிவு செய்த பிள்ளைக்கு ஒரு பதில். மறை மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்கச் சொன்னால் 'மறையும் மறையும் நேர்' என்ற மனப்பாடத்தை இங்கேயும் கொண்டுவந்து எட்டு என்று எழுதுகிற பிள்ளைக்கு இன்னொரு பதில். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரி.

கடினமான பகுதி கணினியில் இல்லை. எந்தப் பிழைகள் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் கடினம். அது எந்த மென்பொருள் நிறுவனத்துக்கும் தெரியாது, கொழும்பில் இருக்கிற வடிவமைப்பாளருக்கும் தெரியாது. பத்து வருசம் கொப்பி திருத்தின ரீச்சருக்குத் தெரியும். எங்களிடம் இருக்கிற சொத்து அதுதான். அதைப் பயன்படுத்தாமல் வரவேற்புரை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த யோசனை புதியதும் இல்லை. 1950களில் அமெரிக்காவில் நோர்மன் கிரௌடர் என்பவர் இதைக் காகிதப் புத்தகத்திலேயே செய்தார். ஒரு பக்கத்தில் சிறிய விளக்கம், கீழே ஒரு கேள்வி, ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ஒரு பக்க எண். நீங்கள் தெரிவு செய்த விடையின் பக்கத்துக்குப் போனால், பிழையாக இருந்தால் ஏன் அப்படி நினைத்திருப்பீர்கள் என்று அங்கே விளக்கம் இருக்கும், பிறகு திரும்பிப் போகச் சொல்லும். பக்கங்கள் வரிசையாக இருக்காது, கலைத்துப் போட்டிருக்கும். அதே காலத்தில் ஸ்கின்னரும் கற்பிக்கும் இயந்திரம் என்று ஒன்று செய்தார். ஆனால் ஸ்கின்னருக்குப் பிள்ளை பிழை விடவே கூடாது, அவ்வளவு சின்னச் சின்னப் படிகளாகப் பாடத்தை வைக்க வேண்டும். கிரௌடருக்குப் பிழையிலிருந்துதான் பாடமே தொடங்குகிறது. நான் கிரௌடர் கட்சி.

பிறகு 1995இல் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேர்னி டொட்ஜ் என்பவர் ஆசிரியர்கள் தாங்களே செய்யக்கூடிய 'வெப்குவெஸ்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தார். மாணவருக்கு ஒரு பணி, போய்த் தேட வேண்டிய இடங்கள், எப்படி மதிப்பிடுவோம் என்ற விபரம், எல்லாம் ஒரே பக்கத்தில். வரலாறு, குடியியல் படிப்பிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் நல்ல அமைப்பு அது. என் பாடத்துக்கு அவ்வளவு பொருந்தாது என்பதால் தாண்டிப் போகிறேன்.

கிரௌடரை நான் இங்கே இழுத்து வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கு அதே பக்கத்தைக் காகிதத்தில் கொடுக்கலாம். இணையத்தளம் செய்யத் தெரிந்த ஆசிரியர் காகிதத்தை மறக்க வேண்டியதில்லை. ஆனால் காகிதத்தையே நம்பியிருக்கவும் முடியாது. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்த நாடு எங்களுடையது.

இப்போது 'ஏன் நாங்கள் செய்ய வேண்டும், இணையத்தில் எல்லாம் இருக்கிறதே' என்று கேட்கிறவர்களுக்கு. இந்தக் கேள்வியை ஆசிரியர் ஓய்வறையில் அடிக்கடி கேட்கிறேன்.

இருக்கிறது, உண்மைதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெற் என்ற விஞ்ஞான மாதிரிகள் அருமையானவை. நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வைமன் 2002இல் தொடங்கியது. மின்சுற்றை விரலால் இணைத்துப் பார்க்கலாம். ஜியோஜிப்ரா இருக்கிறது, அதைப் பாவிக்காத கணித ஆசிரியர் இன்றைக்கே தொடங்க வேண்டும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ மூன்று மொழியிலும் இருக்கிறது. (தக்சலாவ என்பது தட்சசீலம். பெயர் நல்ல பெயர்.) தமிழ்நாட்டிலிருந்து வருகிற காணொளிகளுக்குக் கணக்கே இல்லை.

ஆனால் அந்தத் தமிழ்நாட்டுக் காணொளியை எங்கள் பிள்ளை பார்க்கும்போது என்ன நடக்கிறது? அங்கே ஆசிரியர் 'முக்கோணம்' என்கிறார், எங்கள் புத்தகத்தில் 'முக்கோணி'. அங்கே 'இயற்கணிதம்', இங்கே 'அட்சரகணிதம்'. அங்கே 'வடிவியல்', இங்கே 'கேத்திரகணிதம்'. விஞ்ஞானத்துக்குப் போனால் இன்னும் மோசம். 'ஹைட்ரஜன்' என்று கேட்ட பிள்ளை பரீட்சையில் 'ஐதரசன்' என்று எழுத வேண்டும். 'கார்பன் டை ஆக்சைடு' என்பதும் 'காபனீரொட்சைட்டு' என்பதும் ஒன்றுதான் என்று யார் சொல்லிக்கொடுப்பது? கெட்டிக்காரப் பிள்ளை சமாளிக்கும். ஏற்கனவே தடுமாறுகிற பிள்ளைக்கு இது இன்னொரு பாரம். எது சரியான தமிழ் என்று நான் வழக்குப் பேசவில்லை, இரண்டும் தமிழ்தான். ஆனால் வினாத்தாள் எங்கள் சொல்லில்தான் வரும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது செய்து தராதா என்கிறார்கள். செய்து தரும். 'பின்னம் கூட்டலுக்கு ஐந்து கேள்வியோடு ஒரு எச்.ரி.எம்.எல். பக்கம் செய்து தா' என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தரும். நானும் கேட்டுப் பார்த்தேன். நிரல் பிழையில்லாமல் ஓடியது. தமிழ் தமிழ்நாட்டுத் தமிழ். பிழை விடைக்குப் பதில், வழக்கம்போல 'மீண்டும் முயற்சிக்கவும்'. பிள்ளைகள் விடுகிற பிழைகளை ஒவ்வொன்றாக நான் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்க வேண்டும் என்றும் சொன்ன பிறகுதான் பக்கம் பக்கமாக வந்தது. ஆகவே நிரல் எழுதத் தெரியாது என்று இனி யாரும் ஒளிய முடியாது. ஆனால் தன் பாடத்தில் பிள்ளை எங்கே சறுக்கும் என்று தெரியாதவருக்கு அந்தக் கருவியாலும் பிரயோசனம் இல்லை.

எங்கள் ஊருக்கு இது ஒன்றும் வராத வேலை இல்லை. வண்ணார்பண்ணையில் 1849இல் அச்சியந்திரம் வைத்து, தன் மாணவருக்கு வேண்டிய பாலபாடத்தைத் தானே எழுதி அச்சடித்தவர் ஆறுமுக நாவலர். மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்தில் படித்த வைத்தியர்கள் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று கண்டு, 1860களில் வைத்தியத்தையே தமிழில் படிப்பிக்கத் தொடங்கினார். அதற்கு வேண்டிய புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார், கலைச்சொற்களை உருவாக்கினார். இருவருடைய நோக்கமும் வேறு வேறு, ஒருவருக்கொருவர் எதிர்முகாம் என்றும் சொல்லலாம். ஆனால் படிப்பிக்கிறவன் தன் பாடப்பொருளைத் தானே செய்ய வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அன்றைக்கு அச்சியந்திரம் இல்லாமல் முடியாது. இன்றைக்கு ஒரு பழைய லப்டொப் போதும், அவசரத்துக்குப் போனே போதும்.

சரி, எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். இதில் எனக்குக் கடுமையான அபிப்பிராயங்கள் இருக்கின்றன.

முதலாவது, இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். இணையத்தளம் என்று சொல்லிவிட்டு இணையம் இல்லாமலா என்று சிரிக்காதீர்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது என்ன நடந்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு வீட்டில் ஒரு போன், அது வாப்பாவின் கையில், அவர் வேலையால் வந்த பிறகுதான் பிள்ளைக்குக் கிடைக்கும். டேட்டா போட்ட அன்று மட்டும் வகுப்பு. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டும் பார்த்தோம். நெடுந்தீவில் படிப்பிக்கிற நண்பர்களைக் கேளுங்கள், குறிகட்டுவானில் படகு ஏறின பிறகு உலகம் வேறு. ஆகவே பக்கம் முழுவதும் ஒரே ஒரு கோப்பாக இருக்க வேண்டும். எழுத்து, நிறம், நிரல் எல்லாம் அதற்குள்ளேயே. படம் போட வேண்டும் என்றால் கோடுகளால் வரைந்த சின்னப் படம். அப்படிச் செய்தால் கோப்பின் அளவு ஒரு சாதாரணப் புகைப்படத்தைவிடக் குறைவு. வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பலாம், ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளை வாங்கிக்கொள்ளலாம். அன்ட்ரொய்ட் போனில் டேட்டாவை நிறுத்திவிட்டே திறக்கலாம். ஐபோனில் கொஞ்சம் இழுபறிப்படும், ஆனால் எங்கள் வகுப்பில் யாரிடம் ஐபோன்?

இதற்கு எதிர்பாராத ஒரு பலனும் இருந்தது. ஒரு உம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "டீச்சர், போனை வாங்கி வைங்கன்னு மீற்றிங்ல சொன்னதும் நீங்கதான், இப்ப போன்ல பாடம் அனுப்புறதும் நீங்கதான். நாங்க எதைக் கேக்கிறது?" நியாயமான கேள்வி. டேட்டாவை நிறுத்திவிட்டுக் கொடுங்கள், இந்தப் பக்கத்துக்கு இணையம் தேவையில்லை என்று சொன்னேன். செய்தார். இப்போது பிள்ளைக்கு அரை மணித்தியாலம் போன் கிடைக்கிறது, யூரியூப் கிடைக்காது. வீட்டுக்கு வீடு இந்த ஏற்பாடு போய்விட்டது, உம்மாமாரின் வலையமைப்பு எந்த நிறுவனத்தின் வலையமைப்பையும்விட வேகம்.

இரண்டாவது, யாருடைய கடையில் வீட்டைக் கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். செயலமர்வுகளில் ஏதோ ஒரு இலவசத் தளத்தைக் காட்டி, கணக்குத் திறக்கச் சொல்லி, இழுத்து இழுத்து வைக்கப் பழக்குவார்கள். இலகுதான். ஆனால் பிளாஷ் என்ற தொழினுட்பத்தில் உலகம் முழுவதும் ஆசிரியர்கள் செய்துவைத்த விளையாட்டுகளும் பயிற்சிகளும் 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு நிறுத்தப்பட்டுத் திறக்க முடியாமல் போயின. கூகிளின் ஜாம்போர்டை நம்பி எத்தனையோ பேர் வகுப்பு நடத்தினார்கள், அது 2024 டிசம்பர் 31உடன் மூடப்பட்டது. ஆனால் 1991இல் ரிம் பேர்னர்ஸ்-லீ செய்த முதலாவது இணையத்தளத்தின் பிரதி இன்றைக்கும் உங்கள் போனில் திறக்கும். வெறும் எச்.ரி.எம்.எல். அது. எங்கள் கையில் கோப்பாக இருப்பது எங்களுடையது. எச்5பி போன்ற திறந்த மூலக் கருவிகளையும் எதிர்க்கவில்லை, செய்ததை இறக்கி எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள் என்கிறேன்.

மூன்றாவது பாமினி. இதைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். எங்கள் ஆசிரியர்களிடம் இருபது வருட வினாத்தாள்கள் இருக்கின்றன, எல்லாம் பாமினி எழுத்துருவில். அவற்றை இணையப் பக்கத்தில் ஒட்டினால் பிள்ளையின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். உடனே 'தமிழ் இணையத்துக்குச் சரிவராது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். யூனிகோட்டுக்கு மாற்றித் தருகிற கருவிகள் இலவசம். பாமினியில் பழகிய அதே விசைகளை அழுத்தினால் யூனிகோட்டில் வருகிற விசைப்பலகைகளும் இலவசம், விரலுக்குப் புதுப் பழக்கம் தேவையில்லை. அந்த இரண்டு நாளில் ஓடுகிற எழுத்துக்குக் கொடுத்த நேரத்தை இதற்குக் கொடுத்திருந்தால் அங்கே இருந்த எல்லாருடைய பழைய வினாத்தாள்களும் இன்றைக்கு இணையத்துக்குத் தயாராக இருந்திருக்கும்.

இன்னொன்று, பிள்ளைகளின் படமும் பெயரும் புள்ளியும். இணையத்தளம் என்றதும் 'எமது மாணவிகள்' என்று முகங்களை வரிசையாகப் போடுகிறோம், முதலிடம் வந்தவர், கடைசியிடம் வந்தவர் எல்லாம் பகிரங்கம். பெற்றோரைக் கேட்டோமா? 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், எங்கள் வீட்டுப் பெண்பிள்ளையின் படத்தை இப்படிப் போட விடுவோமா? பாடம் படிப்பிக்கிற பக்கத்துக்கு எந்தப் பிள்ளையின் முகமும் தேவையில்லை.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சிலர் கேட்கலாம். யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் நகரத்திலிருந்து எங்களை வெளியேற்றினார்கள். அந்தக் கதையை இப்போது விரிக்கவில்லை, அதன் வால் இன்னும் வகுப்பறையில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். நான் வளர்ந்தது புத்தளத்தில். திரும்பி வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னும் இரண்டு ஊர், இரண்டு வீடு. வாப்பா சோனகத் தெருவில், உம்மாவும் சின்னப் பிள்ளைகளும் புத்தளத்தில். வீடு கட்டி முடிந்தால் வருவார்கள், வேலை சரிவராவிட்டால் திரும்பிப் போவார்கள். நடுவில் பிள்ளை ஒரு தவணையை அங்கேயும் ஒரு தவணையை இங்கேயும் படிக்கும். அங்கே பின்னம் தொடங்கு முன் வந்துவிடும், இங்கே பின்னம் முடிந்திருக்கும். விடுகைப் பத்திரத்தில் இந்த ஓட்டை தெரியாது. சாதாரண தரத்தில் கணிதம் தவறும்போதுதான் தெரியும்.

அப்படி ஒரு பையன் என் வகுப்பில் இருக்கிறான். வகுப்பில் வாய் திறக்க மாட்டான், பிழையாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம். பின்னப் பக்கத்தை அவனுடைய மூத்த சகோதரரின் போனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்து, "டீச்சர், ஆறில ரெண்டுன்னு போட்டா அது ஒண்டுமே சொல்லல்ல, சும்மா பிழைன்னு மட்டும் சொல்லுது" என்றான். எதற்காக ஆறில் இரண்டு போட்டாய் என்று கேட்டேன். சரியான விடை அவனுக்கு ஏற்கனவே வந்துவிட்டதாம். வேறு வேறு பிழை விடையைப் போட்டால் என்ன சொல்லும் என்று பார்க்க ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறான். மேலே கூட்டி, கீழே பெருக்கினால் ஆறில் இரண்டு வரும். அந்தப் பிழையை நான் அதுவரை எந்தக் கொப்பியிலும் கண்டதில்லை. அன்று இரவே அதற்கும் ஒரு பதில் எழுதிச் சேர்த்தேன், மறுநாள் புதிய கோப்பை வகுப்புக் குழுவுக்கு அனுப்பினேன். வகுப்பில் வாயே திறக்காதவன் அன்றைக்கு என் பாடத்தைத் திருத்தித் தந்தான்.

சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் போதாதா என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். நல்ல ஆசிரியருக்குப் போதும். அவர் இதையெல்லாம் வாயாலேயே செய்கிறார், பிள்ளையின் முகத்தைப் பார்த்தே எந்தப் பிழை என்று பிடித்துவிடுவார். ஆனால் நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடவேளை. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட வராது. மிச்சத்தை ரியூசன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். ரியூசனுக்குக் காசு கட்ட முடியாத பிள்ளையை யார் பார்ப்பது?

நேரம் எங்கே என்பதும் சரியான கேள்விதான். 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றவர்கள் நாங்கள், அந்தக் கோபம் நியாயமானது. இப்போது அதற்கு மேலே இணையத்தளமும் செய் என்று சுற்றுநிருபம் வந்தால் யாரும் செய்யப்போவதில்லை, செய்ததாக அறிக்கை மட்டும் போகும். நல்ல பக்கம் ஒன்றைச் செய்ய எனக்கு இரண்டு மூன்று பின்னேரம் பிடிக்கிறது. ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லையே. யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன: யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம். ஒரு பாடத்துக்கு வலயத்துக்கு மூன்று ஆசிரியர், ஆளுக்குத் தவணைக்கு ஒரு பக்கம் என்று வைத்தாலே ஒரு வருடத்தில் அந்தப் பாடத்துக்கு 45 பக்கங்கள். எல்லாம் எங்கள் பாடத்திட்டத்தில், எங்கள் சொல்லில், எங்கள் பிள்ளைகள் விடுகிற பிழைகளோடு. ஆசிரிய ஆலோசகர்கள் சரி பார்த்துக் கொடுக்கலாம். செய்தவரின் பெயர் கோப்பின் கீழே இருக்கட்டும், அதிபரின் படம் வேண்டாம்.

கல்வியியற் கல்லூரிகளிலும் இதைத் தொடங்கலாம். நாங்கள் படித்த காலத்தில் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போது பிறிஸ்டல் போர்ட்டில் வடிவான படங்கள் வரைந்து கொண்டுபோவோம், பயிற்சி முடிந்ததும் அவை பரணுக்குப் போகும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பயிலுநரும் உள்ளகப் பயிற்சி வருடத்தில் ஒரே ஒரு பாட அலகுக்கு நூறு கொப்பி திருத்தி, கண்ட பிழைகளையெல்லாம் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் எழுதி, ஒரு பக்கமாகச் செய்து கொடுத்துவிட்டு வெளியேறட்டும். நிரலை யாரிடமும் கேட்டுச் செய்யலாம், கருவியிடமும் கேட்கலாம். பிழைப் பட்டியலுக்குத்தான் புள்ளி.

நான் தரம் 7 பின்னத்தில் தொடங்கியிருக்கிறேன். கூட்டலுக்கு இப்போது 12 பிழை விடைகளும் 12 பதில்களும் இருக்கின்றன, கழித்தல் அரைவாசியில் நிற்கிறது. கோப்பு வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். மாற்றுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்துப் பகிருங்கள். அதற்குக் கைமாறாக ஒன்று கேட்கிறேன். இந்தத் தவணைக் கொப்பிகளைத் திருத்தும்போது, கலப்பு எண்களைக் கழிக்கும் கணக்கில் உங்கள் பிள்ளைகள் எழுதிய பிழை விடைகளைப் படம் எடுத்து, பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள். 'மூன்றேகாலில் இருந்து ஒன்றரையைக் கழி' என்ற கணக்குக்கு இரண்டேகால் என்று எழுதுகிறார்கள். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறார்கள், அது விளங்குகிறது. ஆனால் போன கிழமை ஒரு பிள்ளை நாலேமுக்கால் என்று எழுதியிருந்தது. கூட்டிவிட்டதா, அல்லது வேறு ஏதாவது விதி வைத்திருக்கிறதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யாருக்காவது பிடிபட்டால் கீழே எழுதுங்கள்.